சூதாட்டக் கேடுகளை அரசு ஆராயும்போது பொதுமக்களுக்கு அங்கே என்ன வேலை?

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் உள்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கவும் ஆன்லைன் விளையாட்டுகளை முறைப்படுத்தவும் சட்டம் கொண்டுவரப் போகிறோம், பொதுமக்கள், பெற்றோர், ஆசிரியர்கள், மாணவர்கள், உளவியலாளர்கள், விளையாட்டு நிறுவனங்கள் என யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம் என்றது. 10,735 மின்னஞ்சல்கள் வந்தன. அதில் 10,708 பேர் தடையை ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 27 பேர். தேர்தலாக இருந்திருந்தால் எதிர்த்தரப்புக்கு டெபாசிட் போயிருக்கும்.

ஆனால் அப்படி வந்த சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தபோது நடந்தது வேறு. சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. கூடவே, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று சேர்த்திருந்த பட்டியல் செல்லாது என்று நீக்கியும்விட்டது. ஊரெல்லாம் பேசியது ரம்மியைப் பற்றித்தான். அந்தத் தீர்ப்பில் தடையிலிருந்து தப்பியதும் ரம்மிதான். அப்படியென்றால் பத்தாயிரம் பேர் மெனக்கெட்டு எழுதியது வீணா?

வீணில்லை. ஆனால் எந்த விதத்தில் பயன்பட்டது, எங்கே பயன்படாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தக் கருத்துக்கேட்பு என்கிற ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பலரும் இதை வாக்கெடுப்பு என்று நினைத்து உள்ளே போகிறார்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணுவார்கள், அதிகம் உள்ள பக்கம் ஜெயிக்கும் என்று நம்புகிறார்கள். அங்கே உண்மையில் சேகரிக்கப்படுவது சாட்சியம். சாட்சிக்கூண்டில் நூறு பேர் ஏறி ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது ஒரு சாட்சியத்தின் எடையைத்தான் பெறும். ஒருவர் மட்டும் ஏறி, கண்ணால் பார்த்ததைத் தேதியோடு சொன்னால் வழக்கே திரும்பலாம்.

யார் ஆராய்கிறார்கள்?

சூதாட்டத்தின் சமூகக் கேடுகளை அரசுகள் ஆராயும் வழிகள் பல. சில நாடுகளில் நாடாளுமன்றக் குழு ஆராயும். பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்று சூதாட்டத் தொழிலின் சமூக, பொருளாதார விளைவுகளை ஆராய்ந்து 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. சில நேரம் துறை அமைச்சகமே மக்களிடம் நேரடியாகக் கேட்கும். ஆஸ்திரேலியாவில் உற்பத்தித்திறன் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. பொருளாதார விஷயங்களை ஆராய்ந்து அரசுக்கு ஆலோசனை சொல்லும் தன்னாட்சி அமைப்பு அது. சூதாட்டத்தைப் பற்றி 1999லும் 2010லும் இரண்டு பெரிய அறிக்கைகள் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 1996ல் தனிச் சட்டம் போட்டு ஒன்பது பேர் கொண்ட தேசிய ஆணையம் அமைத்தார்கள். அது பல ஊர்களுக்குப் போய் மக்களிடம் நேரில் கேட்டு 1999ல் அறிக்கை தந்தது. நம் பக்கம் வழக்கமான வழி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு.

பெயர் எதுவானாலும் சாராம்சம் ஒன்றுதான். முடிவெடுக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்குக் கிடையாது. அது கேட்கும், தொகுக்கும், பரிந்துரைக்கும். ஏற்பதும் கிடப்பில் போடுவதும் அரசின் விருப்பம். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பிற்பாடு ஏமாற்றம் குறையும்.

நிபுணர்கள் இருக்கும்போது சாதாரண ஆள் எதற்கு?

நியாயமான கேள்வி. பொருளாதார நிபுணர், மனநல மருத்துவர், காவல் அதிகாரி எல்லோரும் குழுவில் இருக்கும்போது ஒரு குடும்பத் தலைவி எழுதும் ரெண்டு பக்கக் கடிதம் என்ன சேர்த்துவிடப் போகிறது?

சூதாட்டக் கேட்டின் பெரும் பகுதி எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை என்பதுதான் பதில். நிறுவனத்தின் கணினிக்குத் தெரிந்தது அதனிடம் உள்ள ஒரு கணக்கு மட்டும். இந்த வாடிக்கையாளர் இத்தனை மணிக்கு வந்தார், இவ்வளவு போட்டார், இவ்வளவு தோற்றார். அதே ஆள் இன்னும் நாலு செயலிகளில் கணக்கு வைத்திருப்பது அதற்குத் தெரியாது. போட்ட பணம் சம்பளமா, கடன் செயலியில் வாங்கியதா, மனைவியின் நகையை அடகு வைத்ததா என்பதும் தெரியாது. வங்கிக்குப் பணம் போன இடம் தெரியும், வீட்டில் நடந்த சண்டை தெரியாது. மருத்துவமனைக்குத் தூக்கமின்மை தெரியும், காரணம் தெரியாது. இந்தத் துண்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்தவர் அந்த வீட்டில் இருப்பவர்தான்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, சூதாட்டத்தில் தீவிரமாகச் சிக்கிய ஒருவரால் சராசரியாக ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், கைமாற்றுக் கொடுத்த நண்பர், சில சமயம் முதலாளி. சூதாடுபவர்களைத் தேடிப்போய் நடத்தும் கணக்கெடுப்பில் இந்த ஆறு பேரும் சிக்க மாட்டார்கள். சூதாடுபவரே கூட உண்மையைச் சொல்ல மாட்டார். ‘விட்டதைப் பிடித்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம்’ என்ற நினைப்பில் இருப்பவர், வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் மனம் திறப்பாரா?

தற்கொலை விஷயத்தில் இந்த இருட்டு இன்னும் அடர்த்தி. இறப்புப் பதிவேட்டில் சூதாட்டம் என்று ஒரு கட்டம் கிடையாது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2021ல் வெளியிட்ட மதிப்பீட்டில், சூதாட்டச் சிக்கலோடு தொடர்புடைய தற்கொலைகள் ஆண்டுக்கு 409 என்றது. 2023ல் அதைத் திருத்தியபோது 117 முதல் 496 வரை இருக்கலாம் என்றது. இரண்டு எண்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். ஆய்வாளர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எடுத்து அளக்கத் தரவே இல்லை. பிரிட்டனில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சேர்ந்து 2018ல் ‘கேம்ப்ளிங் வித் லைவ்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சூதாட்டத்தால் உயிர் போகும் என்ற விஷயம் அங்கே கொள்கை விவாதத்தின் நடுவுக்கு வந்ததில் அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சூதாட்டத்தில் அரசு நடுநிலையான நடுவர் இல்லை. வரி, உரிமக் கட்டணம், சில இடங்களில் அரசே நடத்தும் லாட்டரி என்று அதுவும் பங்குதாரர். அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சங்கடமான உண்மை ஒன்று வெளிப்படும். ஆஸ்திரேலிய ஆணையத்தின் 2010 அறிக்கை, சூதாட்ட இயந்திரங்களில் விழும் பணத்தில் சுமார் 40 சதவீதம் சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களிடமிருந்து வருகிறது என்று மதிப்பிட்டது. மக்கள்தொகையில் அவர்கள் மிகச் சிறிய பகுதி. கேட்டைக் குறைத்தால் தொழிலுக்கும் வருமானம் குறையும், கஜானாவுக்கும் குறையும். இப்படி ஒரு மேசையில் தொழிலும் அரசும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் இருவரும் ஒத்துப்போக நிறைய காரணம் இருக்கிறது. மூன்றாவது நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும்.

முதலில் படிக்க வேண்டிய பக்கம்

ஆய்வு தொடங்கும்போது அரசு ஓர் ஆவணம் வெளியிடும். குழு எதை ஆராயலாம், எந்தத் தேதிக்குள், எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். ஆய்வு வரம்பு என்று சொல்லலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான். அலுப்பூட்டும் அரசாங்க நடையில் இருக்கும். ஆனால் முழு ஆட்டமும் அங்கேதான் தீர்மானமாகிறது.

உதாரணத்துக்கு, வரம்பில் ‘இணையச் சூதாட்டம்’ என்று மட்டும் இருந்தால், தெருமுனை இயந்திரங்களைப் பற்றி எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் குழு அதை ஓரமாகத்தான் வைக்கும். ‘சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களுக்கான சிகிச்சை’ என்று கேட்டால், பழி முழுவதும் ஏற்கெனவே தனிமனிதன் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். விளம்பரமும் செயலியின் வடிவமைப்பும் கேள்விக்கே வரவில்லை. ‘பொறுப்புடன் விளையாடுதல்’ என்ற சொற்கள் ஆவணத்தில் அடிக்கடி தென்பட்டால் எச்சரிக்கையாக இருங்கள். அது தொழில்துறைக்கு மிகவும் பிடித்த சொற்றொடர். பொறுப்பு விளையாடுபவருடையது என்று அதிலேயே முடிவாகிவிடுகிறது.

வரம்பு குறுகலாக இருந்தால், அதைச் சொல்வதே நல்ல மனுவாக இருக்கலாம். ‘நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் இதைக் கேட்காமல் அதற்குப் பதில் கிடைக்காது’ என்று காரணத்தோடு எழுதலாம். இறுதி அறிக்கையில் ‘வரம்புக்கு வெளியே எழுந்த விஷயங்கள்’ என்று ஒரு பகுதி சேர்வதற்கு இப்படிப்பட்ட மனுக்கள் காரணமாகலாம்.

வரம்புக்குப் பிறகு கேள்வித்தாள் போல ஒன்று வரும். பிறகு எழுத்து மனுக்களுக்குச் சில வாரமோ மாதமோ அவகாசம். பிரிட்டன் 2020 டிசம்பர் 8 அன்று தன் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை மறுஆய்வு செய்யத் தொடங்கி, 2021 மார்ச் 31 வரை ஆதாரங்களைக் கேட்டது. சுமார் 16,000 பதில்கள் வந்தன. அடுத்து நேர்முக விசாரணைகள். சில அமைப்புகள் வரைவு அறிக்கை வெளியிட்டு அதன்மேலும் கருத்துக் கேட்கும். கடைசியில் இறுதி அறிக்கை, அதற்கு அரசின் பதில்.

எடுபடும் மனு எப்படி இருக்கும்?

கற்பனையாக இரண்டு மனுக்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: ‘சூதாட்டம் குடும்பங்களைச் சீரழிக்கிறது. இளைஞர்கள் பாழாகிறார்கள். மகாபாரதக் காலத்திலிருந்தே இதன் கேடு நமக்குத் தெரியும். அரசு உடனே இரும்புக்கரம் கொண்டு ஒடுக்க வேண்டும்.’

இரண்டாவது: ‘என் தம்பிக்கு மாதத்தின் முதல் நாள் சம்பளம் வரும். அன்று இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் ஒரே செயலியில் பதினொரு முறை பணம் போட்டிருக்கிறான். வங்கிப் பட்டியல் இணைத்திருக்கிறேன். ஒருமுறை ஜெயித்த பணத்தை எடுக்க விண்ணப்பித்தான். கைக்கு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளில் ‘விண்ணப்பத்தை ரத்து செய்தால் போனஸ்’ என்று நான்கு குறுஞ்செய்திகள் வந்தன. ரத்து செய்தான், எல்லாம் போனது. கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லி எழுதியபோது ஒன்பது நாள் இழுத்தார்கள். பணம் போட ஒரு நொடி போதும், எடுக்க மூன்று நாளா? எடுக்க விண்ணப்பித்த பணத்தை ரத்து செய்து மறுபடி ஆட்டத்தில் விடும் வசதியை நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

முதல் மனுவில் பிழை எதுவும் இல்லை. ஆனால் குழுவின் எழுத்தர் அதை ‘தடைக்கு ஆதரவு’ என்ற நெடுவரிசையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவார். இரண்டாவது மனு அறிக்கையில் மேற்கோளாகப் போகும் தகுதி உள்ளது. அதில் நேரம் இருக்கிறது, வரிசை இருக்கிறது, கைக்கொள்ளக்கூடிய ஒரு கோரிக்கை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தின் எந்த வழிமுறை கேடு செய்தது என்று அது சுட்டிக்காட்டுகிறது. தம்பியின் பலவீனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நெஞ்சைத் தொடும் நடை வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் ‘என்ன செய்யலாம்’ என்று ஒரு வரி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. தீர்வு சொல்வது குழுவின் வேலை.

ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் பெயர் மாற்றி அனுப்பும் இயக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்கும் பயன் உண்டு. இந்த விஷயத்தில் மக்களுக்கு அக்கறை இருக்கிறது என்று அமைச்சருக்குக் காட்டும். ஆனால் பல குழுக்கள் அவற்றை மொத்தமாக ஒரே மனுவாகப் பதிவு செய்து, எத்தனை கையெழுத்து என்று அடைப்பில் குறித்துவிடுகின்றன. அந்த மாதிரிக் கடிதத்தோடு நடந்த சம்பவம் ஒன்றை நாலு வரி சொந்தமாகச் சேர்த்தாலே அது தனி மனுவாகிவிடும்.

பெயர், வெட்கம், பாதுகாப்பு

நிறைய பேரைத் தடுப்பது வெட்கம். ‘வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா’ என்ற தயக்கம் எந்தச் சமூகத்திலும் உண்டு. பெரும்பாலான குழுக்கள் மூன்று வழிகள் தருகின்றன. பெயரோடு வெளியிடலாம், பெயரை மறைத்து வெளியிடலாம், குழு உறுப்பினர்கள் மட்டும் படிக்கும்படி முழு ரகசியமாகக் கொடுக்கலாம். எது வேண்டும் என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வெளியான பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

நாடாளுமன்றக் குழுக்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், குழு ஏற்றுக்கொண்ட மனுவுக்கு நாடாளுமன்றப் பாதுகாப்பு கிடைக்கும். அதில் சொன்னதற்காக யாரும் அவதூறு வழக்குப் போட முடியாது. ஆனால் குழு ஏற்பதற்கு முன்பே அதே மனுவைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டால் அந்தப் பதிவுக்கு இந்தக் கவசம் கிடையாது. அமைச்சகம் நேரடியாக நடத்தும் கருத்துக்கேட்பில் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்கவே முடியாது. எனவே அங்கே நிறுவனத்தையோ நபரையோ குற்றம் சாட்டும்போது ஆதாரத்தைத் தாண்டி ஒரு சொல்லும் கூடாது.

பட்டதைத் திரும்பச் சொல்வது லேசான காரியமில்லை. நல்ல குழு, சாட்சி சொல்ல வருபவரோடு துணைக்கு ஒருவர் வர அனுமதிக்கும், இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தும், முடிந்தபின் ஆலோசகரோடு பேச ஏற்பாடு செய்யும். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு வாங்குவதில் தவறில்லை. இன்னும் ஆட்டத்தின் பிடியிலோ துக்கத்தின் ஆரம்ப மாதங்களிலோ இருப்பவரை மேடையேற்ற அவசரப்படும் அமைப்புகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பிரிட்டனில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் சூதாட்ட ஆணையமே, அதன் கேட்டை நேரில் பட்டவர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்கிறது. ஒருமுறை அழைத்துக் கதை கேட்டு அனுப்புவதைவிட, தொடர்ந்து உட்கார்ந்து விதிகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல வைப்பது மேல்.

எதிர்ப்பக்கம்

சூதாட்டத் தொழில்துறை, வழக்கறிஞர்களோடும் காசு கொடுத்துச் செய்த ஆய்வுகளோடும் வரும். அதற்கு அந்த உரிமை உண்டு. வேலைவாய்ப்பு, வரி, கள்ளச் சந்தைக்கு ஆட்கள் போய்விடுவார்கள் என்ற வாதம், எல்லாவற்றையும் அது முன்வைக்கும். இவற்றில் கள்ளச் சந்தை வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. தடை போட்ட இடங்களில் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்தியச் சட்ட ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு 2018 ஜூலையில் தந்த 276வது அறிக்கையில், முழுத்தடையை நடைமுறைப்படுத்த முடியாவிட்டால் ஒழுங்குமுறைதான் வழி என்ற திசையில் பேசியது. அதை எழுதியவர்கள் யாரும் சூதாட்டத்தின் நண்பர்கள் அல்லர்.

தொழில்துறை கொண்டுவரும் ஆய்வைப் பார்த்துக் கேட்கவேண்டிய ஒரே கேள்வி, இதற்கு யார் பணம் கொடுத்தது என்பது. நல்ல குழு எல்லா மனுதாரரிடமும் இதை வெளிப்படையாகக் கேட்டு அச்சிடும். அளவாக விளையாடிவிட்டுப் போகிறவர்களும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் எழுதாவிட்டால் அவர்கள் சார்பில் நிறுவனங்கள் எழுதிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் நடந்தது

இப்போது அந்தப் பத்தாயிரம் மின்னஞ்சல்களுக்கு வருவோம். கதை 2021 ஆகஸ்டில் தொடங்குகிறது. அதற்கு முன் தமிழகம் கொண்டுவந்திருந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அளவுக்கு மீறிய தடை என்றது நீதிமன்றம். சில தற்கொலைச் சம்பவங்களைச் சொல்கிறீர்களே தவிர, முறையான ஆய்வு எங்கே என்ற கேள்வியும் தீர்ப்பில் இருந்தது. அரசின் நோக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. கையில் ஆதாரக் கட்டு இல்லாததுதான் அங்கே உதைத்தது.

அதனால் அடுத்த முறை வேறு பாதை. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு. தற்கொலைத் தடுப்பில் நீண்டகாலம் பணியாற்றும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் உறுப்பினர்கள். அந்த மாதமே அறிக்கை வந்தது. பள்ளிக் கல்வித்துறை மூலம் லட்சக்கணக்கான ஆசிரியர்களிடம் மாணவர்களைப் பற்றிக் கருத்து திரட்டினார்கள். பிறகு பொது அறிவிப்பு, மின்னஞ்சல்கள், நிறுவனங்களோடு கூட்டம். அக்டோபரில் அவசரச் சட்டம், அதே மாதம் சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல்.

2023 நவம்பர் தீர்ப்பில் சட்டம் நின்றது. ஆதாரக் கட்டு இருந்த சட்டம் நின்றது, இல்லாத சட்டம் விழுந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. இரண்டும் எழுதப்பட்ட விதமும் வேறு. ஆனாலும், முதல் முறை தோற்ற அரசு இரண்டாம் முறை குழுவையும் கருத்துக்கேட்பையும் ஏன் அவ்வளவு கவனமாக நடத்தியது என்பதற்கு விடை 2021 தீர்ப்பில் இருக்கிறது. ரம்மிப் பட்டியல் மட்டும் விழுந்தது ஏன்? ஒரு விளையாட்டு திறமையா அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகத் தீர்மானித்துவரும் சட்டக் கேள்வி. உச்ச நீதிமன்றம் 1960களிலேயே ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சொல்லிவிட்டது. 10,708 மின்னஞ்சல்களாலும் அதை மாற்ற முடியாது. மக்கள் சொல்ல முடிந்தது கேட்டைப் பற்றி. அந்தச் சாட்சியம் எடுபடும் இடம் பிற்பாடு வந்தது. 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை, ஆதார் சரிபார்ப்பு என்று விதிமுறைகள் வந்தன. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூனில் அந்த விதிமுறைகள் செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு நாடு முழுவதும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே இல்லை. மக்களவையில் அறிமுகமான அன்றே மசோதா நிறைவேறியது, மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மசோதாக்களின் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014ல் வகுத்த கொள்கை ஒன்று ஒன்றிய அரசிடம் இருக்கிறது. அது கொள்கைதான், கட்டாயச் சட்டம் இல்லை. தடையை வரவேற்றவர்களுக்கு இந்த வேகம் இனித்திருக்கும். எனக்கு உறுத்துகிறது. கேட்காமல் தடை போட முடிந்த அரசு, நாளை கேட்காமல் தளர்த்தவும் முடியும்.

அறிக்கை வந்த பிறகு

பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விடும் கட்டம் இது. உண்மையான இழுபறி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரிட்டனின் பந்தயக் கடை இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 20 நொடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்தது. 2014ல் லண்டனின் நியூஹாம் உள்ளாட்சி மன்றம் தலைமையில் 93 மன்றங்கள், இந்த உச்சவரம்பை 2 பவுண்டாகக் குறைக்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுத்தன. 2015ல் அரசு மறுத்தது. 2017 அக்டோபரில் கருத்துக்கேட்பு வந்தது. சூதாட்ட ஆணையம் 30 பவுண்டு அல்லது அதற்குக் கீழ் என்று பரிந்துரைத்தது. மக்களிடமிருந்தும் உள்ளாட்சிகளிடமிருந்தும் வந்த அழுத்தம் 2 பவுண்டில் நின்றது. 2018 மே மாதம் அரசு 2 பவுண்டு என்று அறிவித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சில மாதம் கழித்து, 2019 அக்டோபரில்தான் அமலாகும் என்று தெரிந்ததும், அந்தத் துறையின் அமைச்சர் டிரேசி கிரவுச் தாமதத்தை எதிர்த்துப் பதவி விலகினார். அரசு இறங்கிவந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 2 பவுண்டு. முதல் மனுவுக்கும் அமலுக்கும் நடுவில் நான்கு ஆண்டுக்கும் மேல்.

ஆஸ்திரேலியாவில் முடிவு இவ்வளவு இனிமையாக இல்லை. பீட்டா மர்பி தலைமையிலான நாடாளுமன்றக் குழு, எல்லாக் கட்சியினரும் சேர்ந்து ஒருமனதாக, 2023 ஜூனில் 31 பரிந்துரைகள் கொடுத்தது. முக்கியமானது, இணையச் சூதாட்ட விளம்பரங்களை மூன்று ஆண்டில் படிப்படியாக முழுவதும் நிறுத்த வேண்டும் என்பது. ஆறு மாதத்துக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள மரபு. அந்த டிசம்பரில் மர்பி காலமானார். அறிக்கை வெளியாகி இரண்டு ஆண்டு கழிந்தும் விளம்பரத் தடை சட்டமாகவில்லை.

ஊர் மட்டத்தில் கிடைக்கும் வாய்ப்புகளை யாரும் கண்டுகொள்வதில்லை. நியூசிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் சூதாட்ட இயந்திரங்கள் வைக்கும் இடங்களைப் பற்றித் தன் கொள்கையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும். சமூக விளைவுகளைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சில மன்றங்கள், ஒரு கூடம் மூடினால் அந்த இடத்தில் புதிதாக உரிமம் கிடையாது என்று முடிவெடுத்திருக்கின்றன. தடை என்ற சொல்லே இல்லாமல் எண்ணிக்கை தானாகக் குறைந்துகொண்டே வரும். இந்தக் கூட்டங்களுக்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் வராது. பத்துப் பேர் வந்து பேசினாலே கூடம் நிறைந்த மாதிரி இருக்கும்.

அதேபோலத்தான் விதிமுறை வகுக்கும் கட்டமும். 16,000 பதில்கள் குவிந்த பிரிட்டனின் மறுஆய்வு 2023 ஏப்ரலில் வெள்ளை அறிக்கையாக, அதாவது அரசு செய்யப்போவதைச் சொல்லும் கொள்கை ஆவணமாக, வந்தபோது, பல முக்கிய எண்கள் அதில் முடிவாகவில்லை. இணைய ஸ்லாட் விளையாட்டுகளில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு வரை கட்டலாம்? 2 பவுண்டிலிருந்து 15 பவுண்டுக்குள் ஏதோ ஒன்று, தனியாகக் கருத்துக்கேட்டு முடிவு செய்வோம் என்றது அரசு. அந்த இரண்டாவது கருத்துக்கேட்பு பெரிய செய்தியாகவில்லை. அங்கேதான் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டு என்று முடிவாகி, 2025 ஏப்ரலிலும் மே மாதத்திலும் அமலுக்கு வந்தது. எனவே மனு அனுப்பியவர்கள் அந்தத் துறையின் அறிவிப்புப் பட்டியலில் தங்கள் மின்னஞ்சலைப் பதிந்துவைப்பது நல்லது. அடுத்த கருத்துக்கேட்புக்கு நாளிதழ் விளம்பரம் வரும் என்று காத்திருந்தால் கடைசித் தேதி தாண்டிவிடும்.